மாண்டலினுக்கு எந்தத் தந்தி?



இசைக்கருவிக்குத் தந்தி வாங்குவதெல்லாம் ஒரு கட்டுரைக்குரிய செய்தியா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கடைக்குப் போனால் ஒரு கட்டு கிடைக்கும். பணத்தைக் கொடுத்து வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்பது பலரின் எண்ணம். புதிய கித்தாருக்கு இது பெரும்பாலும் பொருந்தும். வீட்டு அலமாரியின் மேல் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்த மாண்டலினுக்கு இது பொருந்தாது. பொருந்தாத கட்டை மாட்டினால் கருவியின் மேற்பலகை உள்வாங்கிவிடும். அல்லது, கற்க வந்த பிள்ளையின் விரல் புண்ணாகி, அவன் ஒரே வாரத்தில் கருவியை ஓரமாக வைத்துவிடுவான். அறுபது ரிங்கிட்டுக்கும் குறைவான ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் பணியாற்றுவது பேராக் மாநிலத்தில் உள்ள ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி. ஒரு காலத்தில் பால்மரத் தோட்டத்தின் நடுவே இருந்த பள்ளி. இன்று சுற்றிலும் செம்பனை. மாணவர் எண்ணிக்கை நூறுக்கும் குறைவு. இசைக்கல்விப் பாடத்தோடு, புறப்பாட நடவடிக்கையாக ஓர் இசைக்குழுவையும் நடத்தி வருகிறேன். ரெக்கார்டர் குழல்கள், ஓர் ஆர்மோனியம், ஒரு கீபோர்டு, இரண்டு கஞ்சிராக்கள் ஆகியனவே எங்கள் குழுவின் சொத்து. இந்நிலையில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் தாத்தாவின் மாண்டலின் வீட்டில் இருப்பதாகவும், அதைத் தான் வாசிக்க விரும்புவதாகவும் ஒருநாள் என்னிடம் கூறினான்.

அவனுடைய தாத்தா அதே தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத்து அம்மன் கோவில் திருவிழா இரவுகளில் திரைப்பாடல்களை மாண்டலினில் வாசிப்பாராம். அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. பையனின் தந்தைக்கு அந்தப் பழைய கருவியின்மீது பெரிய நம்பிக்கை இல்லை. பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு ஒரு கீபோர்டு வாங்கித் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அதைத் தடுத்தவர் பாட்டி. நான் அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது அவர் கருவியை எடுத்துக் கொடுத்தார். ஆனால், ஒரு நிபந்தனையோடு கொடுத்தார்.

“வாத்தியாரே, வயித்துப் பக்கம் லேசா அமுங்கிக் கெடக்கு பாருங்க. அவரு இருக்கும்போதே அப்பிடித்தான். இன்னும் அமுங்காம பாத்துக்குங்க. ஒடைஞ்சிருச்சின்னா மாத்தறதுக்கு வேற கிடையாது.”

அந்த ஒரு சொல்லே என் வேலையை வரையறுத்துவிட்டது எனலாம். கருவி உடையக்கூடாது; பையனும் கற்றலை விட்டுவிடக்கூடாது. இரண்டையும் காப்பாற்றும் தந்தி எது?

இதற்கு விடை காண, முதலில் கருவியின் அமைப்பை அறிந்துகொள்ள வேண்டும். மாண்டலினில் எட்டுத் தந்திகள் உள்ளன. அவை நான்கு இணைகளாக அமைந்திருக்கும். ஓர் இணையின் இரு தந்திகளும் ஒரே சுருதியில் ஒலிக்கும். கீழிருந்து மேலாக அவற்றின் சுருதி ஜி, டி, ஏ, இ. வயலினுக்கும் இதே சுருதிதான். இதனால்தான் சில கடைகளில் மாண்டலின் தந்தி இல்லாதபோது வயலின் தந்தியை எடுத்து நீட்டுகிறார்கள். சுருதி ஒன்றாக இருந்தாலும், வயலின் தந்தி வில்லால் இழைப்பதற்கென ஆக்கப்பட்டது. பிக் கொண்டு மீட்டினால் அதன் மேற்சுற்று விரைவில் தேய்ந்து பிரிந்துவிடும். மேலும், நான்கு தந்திகள் கொண்ட கட்டாகவே அது விற்கப்படுவதால் இரண்டு கட்டுகள் வாங்க வேண்டும். ஆகவே அந்த வழி நமக்கு வேண்டாம்.

மாண்டலினில் இரண்டு குடும்பங்கள் உண்டு என்பதையும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து மரபில் வந்தது, முதுகுப்புறம் கிண்ணம்போல் குவிந்திருக்கும் வகை. மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டி அந்தக் கிண்ணத்தைச் செய்வார்கள்; மேற்பலகையும் மெல்லியது. மற்றது, அமெரிக்காவில் ஆர்வில் கிப்சன் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய வழியில் வந்தது. இதன் முதுகு ஏறத்தாழத் தட்டையாகவும், மேற்பலகை வயலினைப்போல் சற்றே மேடாகவும் இருக்கும். இது வலிமையான உடல். அதிக இழுவிசையைத் தாங்கும். இன்று கடைகளில் தொங்கும் மாண்டலின்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையே. கடைகளில் கிடைக்கும் தந்திக் கட்டுகளும் அவற்றை மனத்திற்கொண்டே செய்யப்படுகின்றன.

எங்களிடம் வந்தது கிண்ண முதுகு. ஒலித்துளைக்குள் ஒட்டியிருந்த தாளில் சுசுகி, நாகோயா, ஜப்பான் என்ற சொற்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. மேற்பலகைக்குக் குறுக்கே ஓர் அளவுகோலை நிறுத்திப் பின்னாலிருந்து கைவிளக்கின் ஒளியைச் செலுத்திப் பார்த்தேன். குதிரைக்கும் ஒலித்துளைக்கும் இடையே பலகை சற்றுத் தாழ்ந்திருப்பது தெரிந்தது. பாட்டி சொன்னது சரி. இவ்வகைக் கருவிகளில் குதிரையை அடுத்து வாலை நோக்கிப் பலகை ஓர் இடத்தில் மடிந்து சரிவது இயல்பு. அது செய்யும்போதே வைத்த மடிப்பு. தாழ்வு என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. விரிசல் எதுவும் இல்லை. கழுத்தும் நேராக இருந்தது. பன்னிரண்டாம் மெட்டில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. இதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

தந்திகளின் நிலைதான் மோசம். நம் நாட்டின் ஈரக் காற்றில் எஃகு என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டில் இரண்டு அறுந்திருந்தன. எஞ்சிய ஆறும் துருவேறி அரம்போல் சொரசொரத்தன. பையன் எனக்குத் தெரியாமலே ஒரு வாரமாக அவற்றை வீட்டில் வாசித்துப் பார்த்திருக்கிறான். இடக்கை விரல் நுனிகளில் கீறல்கள். சுட்டுவிரலில் ஒரு சிறிய வெடிப்பு. வகுப்பில் பென்சில் பிடித்த கையோடு மறு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே இருந்தான்.

இதை அவனுடைய தந்தையிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “வலி இல்லாம வித்தை வருமா சார்? எங்கப்பா விரலெல்லாம் காய்ச்சுப்போய்த்தான் இருக்கும்” என்றார். நம்மில் பலரும் இதே கருத்தை உடையவர்கள்தாம். வீணையானாலும் கித்தாரானாலும் விரல் காய்ப்பது உண்மையே. ஆனால், காய்ப்பு என்பது தோல் சிறிது சிறிதாகத் தடிப்பது. அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். தோல் அறுபடாமல் இருந்தால்தான் அது நிகழும். துருப்பிடித்த கம்பியில் விரலைக் கிழித்துக்கொள்வதற்கும் பயிற்சிக்கும் தொடர்பில்லை. இதை நான் அன்று அவரிடம் முழுமையாக விளக்கவில்லை. என் கையில் அப்போது அளவு எதுவும் இல்லை.

ஈப்போவில் ஒரு கடைக்குச் சென்றேன். கடைக்காரர் ‘மீடியம்’ என்று அச்சிட்ட ஒரு கட்டை எடுத்து வைத்தார். ஓசை நன்றாக எழும், பெரும்பாலோர் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். அவர் சொன்னது பொய்யன்று. அவருடைய கடையில் தொங்கிய கருவிகளுக்கு அது ஏற்ற கட்டுதான். நம் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையைப் போலவே தந்திக் கட்டிலும் அளவுகள் உண்டு. கட்டின் பெயரைவிட, உறையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்களே முக்கியம். அவை ஒவ்வொரு தந்தியின் தடிமனை அங்குலக் கணக்கில் காட்டுபவை. மீடியம் கட்டுகளில் முதல் தந்தி பெரும்பாலும் 0.011 அங்குலம், கடைசித் தந்தி 0.040 அங்குலம். லைட் எனப்படும் கட்டுகளில் முதல் தந்தி 0.010. மிக மெல்லிய கட்டுகள் 0.009இல் தொடங்கும்.

0.009க்கும் 0.011க்கும் என்ன வேறுபாடு வந்துவிடப் போகிறது என்று தோன்றும். மில்லிமீட்டரில் சொன்னால், ஒன்று 0.23, மற்றொன்று 0.28. கண்ணால் பார்த்து இனம் காண முடியாது. இங்கேதான் கணிதம் நமக்குக் கைகொடுக்கிறது.

ஒரு தந்தியை ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு ஏற்றத் தேவையான இழுவிசை மூன்றைப் பொறுத்தது: அதிரும் பகுதியின் நீளம், சுருதியின் அதிர்வெண், தந்தியின் எடை. நீளமும் சுருதியும் மாறாதபோது, எடைதான் இழுவிசையை முடிவு செய்யும். சுற்று இல்லாத எஃகுக் கம்பியின் எடையோ அதன் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 11ஐ 9ஆல் வகுத்து, வந்த விடையை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 1.5 வரும். அதாவது, தடிமனில் கண்ணுக்குத் தெரியாத அந்த வேறுபாடு, இழுவிசையை ஒன்றரை மடங்காக்கிவிடுகிறது.

எங்கள் கருவியின் தந்தி நீளம் 33 செண்டிமீட்டர். முதல் தந்தியின் சுருதி வினாடிக்கு 659 அதிர்வுகள். இவற்றை வைத்துக் கணக்கிட்டால், 0.009 தந்தி ஒன்றுக்கு 6.2 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு இணையான இழுவிசை தேவை. 0.010க்கு 7.7 கிலோ. 0.011க்கு 9.3 கிலோ. எட்டுத் தந்திகளையும் சேர்த்துப் பார்த்தால், மிக மெல்லிய கட்டு ஏறத்தாழ 50 கிலோ இழுக்கும்; மீடியம் கட்டு 70 கிலோவைத் தாண்டும். நாம் வாங்கும் பத்துக் கிலோ அரிசிப் பைகளில் கூடுதலாக இரண்டை அந்தப் பழைய உடலின் தலையில் ஏற்றுவது போன்றது இது. இழுவிசை முழுதும் மேற்பலகையின்மேல் விழுவதில்லை. குதிரையின் வழியாக அதன் ஒரு பகுதியே கீழே அழுத்தும். ஆனாலும், இழுவிசை எந்த விகிதத்தில் கூடுகிறதோ, அதே விகிதத்தில் அழுத்தமும் கூடும். ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பலகைக்கு அது ஆகாது.

விரலுக்கும் இதே கணக்குத்தான். இழுவிசை கூடக்கூட, தந்தியை மெட்டில் அழுத்த விரலுக்கு வலிமை அதிகம் வேண்டும். மாண்டலினில் ஒவ்வொரு விரலும் ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளை அழுத்துகிறது என்பதையும் மறந்துவிடக்கூடாது. பதினொரு வயதுப் பிள்ளையின் விரல் அது.

கடையில் மெல்லிய கட்டு இல்லை. வெறுங்கையோடு திரும்பினேன். மீடியம் கட்டை வாங்கிச் சுருதியைத் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாமே என்று உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஒரு முழுச் சுரம் தாழ்த்தினால் இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆயினும், எங்கள் குழுவில் ரெக்கார்டர் குழல்களும் கீபோர்டும் இருக்கின்றன. குழலின் சுருதியை மாற்ற இயலாது. மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க முடியாத கருவியைப் பையன் கையில் கொடுப்பது அவனைத் தனியே உட்கார வைப்பதற்கு ஒப்பாகும்.

பழைய தந்திகளைக் கழற்றியபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. தந்தியின் வெளிப்பகுதி துருவேறியிருந்தாலும், முறுக்காணியில் பல சுற்றாகச் சுற்றியிருந்த உட்பகுதி ஓரளவு பளபளப்பாகவே இருந்தது. இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் நண்பரிடம் திருகு அளவியைக் கேட்டு வாங்கி, அந்த நுனிகளை அளந்தேன். முதல் இணை 0.23 மில்லிமீட்டர். இரண்டாம் இணை 0.33 மில்லிமீட்டர். அங்குலத்தில் சொன்னால் 0.009, 0.013. தாத்தா மாட்டியிருந்தது மிக மெல்லிய கட்டு.

அவர் அதை எங்கே வாங்கினார், யார் அவருக்குச் சொன்னார்கள் என்பதைப் பாட்டியாலும் சொல்ல முடியவில்லை. ஆனால், பலகை தாழ்ந்ததை அறிந்தவர், அதற்கேற்ற தந்தியைத்தான் மாட்டியிருக்கிறார். அளவுகளை ஒரு தாளில் எழுதிப் பையனின் தந்தையிடம் காட்டினேன். விரல் காய்த்துப்போன தம் தந்தை வாசித்தது இந்தத் தந்தியில்தான் என்பதை அவர் இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு, எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டார்.

இணையத்தின் வழியாகப் பதிவு செய்தோம். அஞ்சல் செலவோடு 58 ரிங்கிட். பணத்தை அவரே கொடுத்தார்.

வாங்குமுன் வேறு இரண்டு செய்திகளையும் பார்க்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் அவை பயன்படும். முதலாவது, தந்தியின் கடைசி முனை. மாண்டலினின் அடியில் உள்ள உலோகத் தகட்டில் சிறு கொக்கிகள் இருந்தால், முனையில் வளையம் உள்ள தந்தி வேண்டும். சில கருவிகளில் கித்தாரைப்போல் சிறு குண்டு மாட்டும் பிளவு இருக்கும். அதற்குக் குண்டு முனை. ஒன்றை மற்றொன்றில் மாட்ட முடியாது. அவசரத்துக்குக் குண்டைக் குறட்டால் நசுக்கி எடுத்துவிட்டால் எஞ்சுவது வளையம்தான். மாண்டலின் தந்தி கிடைக்காத சிற்றூர்களில், சுற்று இல்லாத முதல் இரண்டு இணைகளுக்கு அதே தடிமனுள்ள தனிக் கித்தார்த் தந்திகளை இப்படி மாற்றிப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, சுற்றின் உலோகம். மூன்றாம், நான்காம் இணைகளில் எஃகுக் கம்பியின்மேல் மற்றோர் உலோகக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். உறையில் 80/20 என்றிருந்தால், 80 விழுக்காடு செம்பும் 20 விழுக்காடு துத்தநாகமும் கலந்த சுற்று. புதிதில் ஒலி துலக்கமாக இருக்கும். வியர்வை பட்டதும் விரைவில் மங்கும். பாஸ்பர் வெண்கலம் என்றிருந்தால், செம்போடு வெள்ளீயமும் மிகச் சிறிதளவு பாஸ்பரசும் சேர்ந்தது. ஒலி சற்று இதமாகவும், ஆயுள் சற்று நீளமாகவும் இருக்கும். நிக்கல் சுற்றும் உண்டு. தட்டையான நாடாவைச் சுற்றி வழவழப்பாக்கிய தந்திகளும் உண்டு. வியன்னாவின் தாமஸ்டிக் நிறுவனம் இவற்றுக்குப் பெயர் பெற்றது. விரலுக்கு மிக இதமானவை, நெடுநாள் உழைப்பவை, விலைதான் பல மடங்கு. எங்கள் வெப்பத்துக்கும் வியர்வைக்கும் பாஸ்பர் வெண்கலமே போதும் என்று முடிவு செய்தேன்.

இங்கே ஒரு குறிப்பு. மாண்டலின் என்றதும் நம்மவர்கள் பலருக்கும் நினைவுக்கு வருபவர் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014). ஆந்திர மாநிலத்தின் பாலக்கொல்லுவில் பிறந்து, சிறுவனாகவே கச்சேரி மேடையேறி, இந்த மேலைக் கருவியைக் கருநாடக இசைக்கு உரியதாக்கிய மேதை. அவரைப்போல் வாசிக்க அவருடைய தந்தியையே வாங்க வேண்டும் என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். ஸ்ரீநிவாஸ் வாசித்தது மின்மாண்டலின். அதில் இணைத் தந்திகள் இல்லை; ஐந்து ஒற்றைத் தந்திகள் மட்டுமே. இரண்டு தந்திகளை ஒரே அளவில் இழுத்துக் கமகம் பிடிப்பது கடினம் என்பதை எண்ணினால் அதன் காரணம் விளங்கும். மேலும், மின்மாண்டலினின் காந்த ஒலிவாங்கி எஃகையும் நிக்கலையும் நன்கு உணரும். வெண்கலச் சுற்றை அவ்வாறு உணராது. ஆகவே, உங்கள் பிள்ளை மின்மாண்டலின் கற்கிறான் என்றால் தந்தி வேறு; சுருதி வேறானால் தடிமனும் வேறு. அதை அவனுடைய இசையாசிரியரிடமே கேட்டுவிடுவது நல்லது.

புதிய தந்திகள் வந்ததும் ஒரு சனிக்கிழமை காலையில் பள்ளியிலேயே மாட்டினோம். மாண்டலினின் குதிரை ஒட்டப்பட்டதன்று. தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்பது. அது நகர்ந்துவிட்டால் எல்லாச் சுரங்களும் பிசகும். அதனால், பழைய தந்திகளைக் கழற்றுமுன்பே குதிரையின் இடத்தை மெல்லிய பென்சில் கோட்டால் குறித்து வைத்திருந்தேன். கருவி நல்ல நிலையில் இருந்தால் ஒவ்வோர் இணையாகக் கழற்றி மாட்டுவதே சிறந்தது. தலைப்பக்கத்தில் தந்திகள் அமரும் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டேன். தந்தி சிக்காமல் நழுவும். வெட்டிய நுனிகள் ஊசிபோல் குத்தும் என்பதால், அவற்றைப் பையன் தொடாமல் நானே வெட்டி ஒரு போத்தலில் போட்டேன். தந்தியை முறுக்கும்போது முகத்தை அருகில் கொண்டுபோகாதே என்று அவனிடம் பலமுறை சொன்னேன்.

முதல் வாரம் முழுதும் ஒரு முழுச் சுரம் தாழ்த்தியே வைத்திருந்தோம். பிறகு மூன்று நாளில் சிறிது சிறிதாக உரிய சுருதிக்கு ஏற்றினோம். அன்று முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பன்னிரண்டாம் மெட்டில் இடைவெளியை அளந்து எழுதுவது பையனின் வேலை. நான்கு மாதக் குறிப்பு அவன் கையெழுத்தில் இருக்கிறது. இடைவெளி மூன்று மில்லிமீட்டராகவே நிற்கிறது.

மெல்லிய தந்திக்கு விலை இல்லாமல் இல்லை. ஒலி சிறியது. வேகமாக அடித்தால் தந்தி மெட்டில் பட்டு இரையும். பையனுக்கு இயல்பாகவே கை சற்று வேகம். மெதுவாக மீட்டக் கற்றுக்கொள்ளவே இரண்டு மாதம் ஆயிற்று. ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழாவில் குழுவோடு வாசித்தபோது, ஒலிவாங்கியை அவன் மடிக்கு அருகே வைக்க வேண்டியிருந்தது. அப்படியும் கஞ்சிரா ஓங்கிய இடங்களில் மாண்டலின் கேட்கவில்லை. விழா முடிந்ததும் அவனுடைய தந்தை, “இன்னும் கொஞ்சம் சத்தமா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் சார்” என்றார். அவர் சொன்னது உண்மை. நானும் மறுக்கவில்லை. கஞ்சிரா வாசிக்கும் பிள்ளைகளிடம்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால், பையன் விடவில்லை. இது எனக்குப் பெரிது. விரல் நுனிகளில் இப்போது மெல்லிய காய்ப்பு இருக்கிறது, வெடிப்பு இல்லை. நாள்தோறும் இருபது நிமிடம் வாசிக்கிறான். சில மாலைகளில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதாகச் சொன்னான். கூடத்தில் கேட்காத அந்த ஒலி, வீட்டுத் திண்ணைக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில், மாணவனின் நிலையறிந்து கற்பிக்க வேண்டும் என்று ஏட்டில் எழுதித் தேர்வில் புள்ளிகள் வாங்கியிருக்கிறேன். அந்தச் சொற்றொடருக்கு ஓர் அளவு உண்டு, அதை மில்லிமீட்டரில் எழுத முடியும் என்பதை இந்தக் கருவியின் வழியாகப் பார்த்தேன். பெரும்பாலோருக்குப் பொருந்துவது எது என்பது கடைக்காரரின் கேள்வி. இந்தப் பலகை எவ்வளவு தாங்கும், இந்த விரல் எவ்வளவு தாங்கும் என்பது நம் கேள்வி. வலிமை கூடினால் அடுத்த ஆண்டு 0.010க்குப் போகலாமா என்று பையன் கேட்கிறான். விரல் ஒப்புக்கொள்ளும், பலகை ஒப்புக்கொள்ளாது. அவனுக்கு அவ்வளவு ஓசை வேண்டுமென்றால், அதற்கு வேறொரு கருவிதான் தேட வேண்டும். அதை அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

இறுதியாக, பராமரிப்பைப் பற்றிச் சில சொற்கள். வாசிக்குமுன் கையைக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். வாசித்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வோர் இணையையும் அடியும் மேலுமாகத் துடைக்கச் சொல்லுங்கள். காலணிப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை எறியாமல் கருவிப் பெட்டிக்குள் வையுங்கள். கருவியை மகிழுந்தில் வெயிலில் விட்டுவிடாதீர்கள். இவ்வளவு செய்தாலும், நம் காலநிலையில் நாள்தோறும் வாசிக்கும் தந்திகள் மூன்று நான்கு மாதங்களுக்கு மேல் தெளிவாக ஒலிப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் அலமாரியின் மேல் இப்படி ஒரு கருவி இருந்தால், கடைக்குப் போகுமுன் அதை இறக்கித் தூசு தட்டிப் பாருங்கள். முதுகு கிண்ணமா தட்டையா, அடியில் கொக்கியா பிளவா, பலகை தாழ்ந்திருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய தந்திகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். முறுக்காணியில் சுற்றியிருந்த நுனிகளை வெட்டி, முதல் இணை, இரண்டாம் இணை என்று எழுதி, அந்தத் தாளிலேயே ஒட்டிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரிய நண்பன்.